வண்டிக்குச் சொன்ன புத்தி

“இஞ்சின் ஓடுதான்னே தெரியல சார்! முப்பது வருஷத்து டீசல் வண்டியா இது?” காரை வாங்க வந்தவர் வாயைப் பிளந்தார்.

“சத்தம் துளி மாறினாலும் அன்னைக்கே மெக்கானிக்கிட்ட கொண்டு போயிடுவேன்,” என்றார் சொந்தக்காரர், பளபளத்த பானெட்டைத் தடவியபடி.

“இப்படிக் கண்ணும் கருத்துமா வெச்சிருந்துட்டு, ஏன் விக்கிறீங்க?”

சொந்தக்காரர் சாவியை நீட்டினார்.

“ஒண்ணே ஒண்ணு. லேசா ஏதாவது கோளாறு காட்டினா, ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு விட்டுடாதீங்க. இஞ்சினே போயிடும்.”

துணிப்பையோடு வாசலில் டாக்ஸிக்குக் காத்திருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“ஊருக்குத்தான் சார் உபதேசம். மூணு வருஷமா இவருக்கு நெஞ்சு வலி. ‘வெறும் வாயு, அப்புறம் பாத்துக்கலாம்’னே ஓட்டினார். இந்த வண்டி வித்த காசுலதான் நாளைக்கு ஹார்ட் ஆபரேஷன்!”