பாலிகஞ்ச் வீட்டுக்கு ஒரு கையெழுத்து

“செருப்ப வெளியவே விடு. உள்ள வந்து அந்தச் சுவரோரமா நில்லு.”

வேதாச்சலம் பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசல் கதவில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு தேய்ந்து மங்கியிருந்தது. சாய்பிரியா அவர் காட்டிய இடத்தில் போய் நின்றாள். எதிரே இன்னொரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது. “கே எஷெச்சே?” என்று அங்கிருந்து ஒரு பெண் குரல், யார் வந்திருப்பது என்று வங்காளத்தில் கேட்டது.

“இன்னொண்ணு வந்திருக்கு,” என்றார் அவர் தமிழிலேயே.

தரகர் உத்தமன் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். ஏறி வரும்போதே தன் அரைகுறைத் தமிழில் எச்சரித்திருந்தார். “தீதி... அக்கா, ஆளு கோபக்காரர். எது கேட்டாலும் ஆமா சொல்லுங்க. அவர் கையெழுத்துப் போட்டாதான் வீடு. இல்லேன்னா நீங்க குடுத்த அட்வான்சும் போச்சு. நாளைக்குக் கடைசி நாள்.”

அந்த அட்வான்சில் அவளுடைய நாலு வருடச் சேமிப்பு மொத்தமும் போயிருந்தது. ஆபீஸ் பக்கம் நியூ டவுனில் ஒரே அறையில் மூன்று பேரோடு படுத்து எழுந்து சேர்த்த பணம். வீடு பற்றி ஆறு மாதமாக அவள் பார்த்த யூடியூப் வீடியோக்களில் ஒன்றிலும் இப்படி ஒரு மனிதர் வரவில்லை.

“எந்த ஊரு?”

“பொள்ளாச்சிங்க சார்.”

“என்ன வேலை?”

“சாஃப்ட்வேர் டெஸ்டிங்.”

“அப்படின்னா?”

“அடுத்தவங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கறதுங்க.”

“அந்த வேலைய இங்க வந்து காட்டாத.”

மீன் வாடை கூடத்துக்குள் திரண்டு வந்தது. அவள் மூச்சைச் சற்று அடக்கியதை அவர் கவனித்துவிட்டார்.

“என்ன, நாத்தமா?”

“இல்லைங்க சார். பழகிக்குவேன்.”

“நாப்பது வருஷமா இந்த வீட்டுல தினம் மீன்தான். மூக்கச் சுளிக்கறவங்களோட எனக்கு ஒத்துவராது. போன மாசம் ஒருத்தன் கர்சீப்ப எடுத்தான். நான் குடைய எடுத்தேன். மூணே எட்டுல ரோட்டுல இருந்தான்.”

உள்ளே அந்தப் பெண் சிரிப்பது கேட்டது. சாய்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“நாளைக்கு ஒருத்தனைக் கட்டிக்கிட்டு, பெட்டி படுக்கையோட ரெண்டு பேரும் இங்க வந்து நிப்பீங்களா?”

“மாட்டேன் சார்.”

“அப்பா அம்மா?”

“அவங்க ஊரை விட்டு வர மாட்டாங்க.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க.” அவர் விரலை மேலே நீட்டினார். “அந்த மூலைய பாரு. மழை பெஞ்சா சொட்டுச் சொட்டா ஒழுகும். யாரு சரி பண்றது?”

“நான்தாங்க.”

“எப்ப?”

“துர்கா பூஜைக்கு முன்னாடி பண்ணிடறேன் சார்.”

இதற்காவது இளகுவார் என்று நினைத்து மெல்ல ஆரம்பித்தாள். “சார், வாடகை விஷயமா ஒரு வார்த்தை...”

“அதப் பத்தி வாயத் திறக்காத! நான் சொன்னா சொன்னதுதான். பேரம் பேசறதா இருந்தா இப்பவே எறங்கிப் போயிடு.”

அவர் கையெழுத்துப் போடவேண்டிய தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அதை மேசைமேல் விசிறிவிட்டார்.

“கையெழுத்துப் போட மாட்டேன்னா என்ன செய்வ?”

கால் கடுத்தது. தரகர் சொன்னதெல்லாம் அந்த நிமிடம் அவளுக்கு மறந்துபோனது.

“ஒண்ணும் செய்ய முடியாதுங்க. ரூமுக்குப் போயி அழுவேன். காலைல ஆபீஸ் போவேன். ஆனா இவ்வளவு நேரம் நிக்கவெச்சுத் திட்டறீங்களே, ஒரு வார்த்தை உக்காருன்னு சொல்லியிருக்கலாம். அதுக்குக் கையெழுத்தெல்லாம் தேவையில்ல.”

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. படிக்கட்டில் உத்தமன் இருமினார்.

வேதாச்சலம் கண்ணாடியைக் கழற்றி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“வாய் இருக்கு உனக்கு.”

“இருக்குங்க.”

“அப்ப எழுது. தாளுக்குப் பின்பக்கம். கல்யாணம் ஆனாலும் வந்து நிக்க மாட்டேன். அப்பா அம்மாவையும் கொண்டுவந்து வெக்க மாட்டேன். ஒழுகலப் பூஜைக்கு முன்னாடி அடைப்பேன். மீன் பேச்சே எடுக்க மாட்டேன். எழுதிட்டியா? கீழ உன் கையெழுத்து.”

நின்றபடியே தாளைச் சுவரில் வைத்து எழுதினாள். பேனா வழுக்கி வரிகள் கோணல்மாணலாக இறங்கின.

“இதான் படிச்ச பொண்ணோட எழுத்தா? தூ!”

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்பு தாளைத் திருப்பி, நிதானமாகத் தன் பெயரை எழுதி, தேதியும் போட்டார். அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கதவைக் காட்டினார்.

“குடியிருக்கறவன் சம்மதம் கெடச்சாச்சு, வீட்ட வாங்கிக்கங்க. மாசம் அதே எழுநூறு ரூபா வாடகை, ஒண்ணாந்தேதி அனுப்பிடறேன், கிளம்புங்க வீட்டுக்காரம்மா!”