பெட்டி மட்டும் எங்களது

சேலையின் உள்மடிப்பைப் புரட்டிப் பார்த்த கடைக்காரர், அதைப் பழையபடியே மடித்தார்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"பெட்டி எங்களதுதான்க்கா. சேலை எங்களது இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கலர் மாற்றித் தர மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள்.

"எங்க மதினி இங்கனதான் எடுத்தாவ" என்றாள் கொஞ்சம் விறைப்பாக.

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலையை, பெட்டிச் சேலைக்குப் பக்கத்தில் விரித்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

தொட்டாள்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே விரல் அவளிடம் சொல்லத்தான் செய்தது, இது பட்டு இல்லை என்று. பெட்டி மேலிருந்த கடைப் பெயரைப் படித்துவிட்டு, விரலை நம்பாமல் விட்டாள்.

அன்று அண்ணனும் மதினியும் இந்தப் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்துச் சபை நடுவில் கொடுத்தார்கள். அவளுடைய மாமியாரே கழுத்தை நீட்டிப் பெட்டியைப் பார்த்தாள். பிறந்த வீட்டுச் சீர் என்றால் சும்மாவா. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே கவலை பிடித்துக்கொண்டது.

அடுத்து அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. அத்தைக்காரி குறைவாகச் செய்யலாமா?

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். மதினி ஐந்து தட்டு கொண்டுவந்தால், இவள் ஏழு தட்டு வைப்பாள். ஏழைப் பார்த்து மதினி ஒன்பது. மதினி இவள் பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட்டால், இவள் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தங்கத்தில் மோதிரம் போடுவாள். காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நகை அடகுக்குப் போகும். சிலது திரும்பி வந்தது. சிலது வரவில்லை.

இன்றும் வளையலை வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அந்தப் பணம் கைப்பையில் இருக்கிறது. வளைகாப்புக்கென்று எடுத்து, எதிரே விரித்துக் கிடக்கும் பட்டு பதினெட்டாயிரம்.

முகம் சூடேறியது.

எத்தனை வருடமாக இந்த ஏமாற்று? நாலு பேருக்குப் போன் போட்டால் போதும். அதற்கப்புறம் மதினி சொந்தபந்தத்தில் ஒரு விசேஷத்திலும் தலை நிமிர முடியாது. அண்ணனுக்கும் சேர்த்துத்தான் அவமானம்.

நினைக்க இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

பிறகுதான் மதினியின் கழுத்து ஞாபகம் வந்தது.

பால்காய்ச்சு அன்று அதில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. வேர்க்குரு, செயின் உறுத்துகிறது என்றாள் மதினி. ஐப்பசி அடைமழையில் வேர்க்குரு! யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செயின் எங்கே போயிருக்கும் என்று இவளுக்குத் தெரியாதா என்ன. இவளுடைய வளையல் போன இடத்துக்குத்தான்.

ஐந்துக்கு ஏழு வைத்தது யார்?

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். இங்கே இரண்டுமே பூனை. இரண்டுக்கும் உடம்பெல்லாம் சூடு.

அவளுக்கு அழுகை வந்தது. கடையென்றும் பார்க்காமல் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி எதையோ அடுக்கினார்.

போன் அடித்தது.

மதினி.

"நீ சேலை மாத்தப் போயிருக்கேன்னு உங்க வீட்ல சொன்னாவ." மூச்சு வாங்கியது மதினிக்கு. "கடைக்கெல்லாம் போவாத. எங்கிட்ட குடு. நானே மாத்தித் தாரேன்."

எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. அந்தப் பயம் இவளுக்கும் பழக்கமானதுதான்.

"நான் எங்க மதினி போனேன்? பாதி வழியிலயே திரும்பிட்டேன்."

"நெசமாவா?"

"இந்தக் கலரே எனக்கு எடுப்பாத்தான் இருக்கு. வளைகாப்புக்கு இதத்தான் கட்டப்போறேன்."

மதினி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. கடையின் பெயரை நீட்டி முழக்கி, வாடிக்கையாளர்களை அன்புடன் வரவேற்று, பட்டுச் சேலைகளுக்கு முதல் மாடிக்கு வரச் சொன்னது.

அவள் போனைக் கையால் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய.



மதினி போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தாள். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவள் எதிரே கிடந்த பட்டுச் சேலையை மெதுவாகக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் மடிக்க ஆரம்பித்தார்.

"விசேஷம் ஒண்ணும் இல்லாத நாளாப் பாத்து, ஒரு நாள் வீட்டுக்கு வாயேன்" என்றாள் மதினி. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தடவை கூட அழைத்ததில்லை.

"வெறுங்கையோடதான் வருவேன் மதினி."



"அதுக்குத்தாம்ட்டி கூப்பிடுதேன்."