இருபத்து மூன்றாவது கேள்வி

இருபத்து மூன்றாவது கேள்வியில் அவளுடைய பென்சில் நின்றது.

சிறுநீரகத்தின் நுண்குழாய் ஒரு வளைவாக இறங்கி, திரும்பி, ஏறுகிறது. எந்தப் பக்கம் நீரை வெளியே விடும்?

இறங்கும் பக்கம். அவளுக்குத் தெரியும்.

விளையாட்டு அரங்கைப் பரீட்சை மண்டபம் ஆக்கியிருந்தார்கள். விரிப்பின் ஓரத்தில் கூடைப்பந்துக் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. ஆயிரத்துக்கும் மேல் மேசைகள். எல்லோரும் சுகாதார அறிவியல் முதலாம் ஆண்டு. வருட முடிவில் இவர்களில் சிறு பகுதிதான் மருத்துவத்துக்குள் போகும். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று யாரும் பேசுவதில்லை.

இரண்டு வரிசை முன்னால் சாம்பவியின் முதுகு.

அவள் போட்டிருந்த நீல ஸ்வெட்டர் இவளுடையது.

மூன்று வாரத்துக்கு முன் சாம்பவிக்குக் காய்ச்சல். விடுதியில் அடுத்த அறை. இவள்தான் மின்கேத்தலில் ரசப்பொடி கரைத்துக் கொடுத்தாள். ஸ்வெட்டரைக் கொடுத்தாள். தவறிய விரிவுரைகளின் குறிப்புகள் எல்லாவற்றையும் கொடுத்தாள்.

ஒரு வரியை மட்டும் கொடுக்கவில்லை.

அன்றைய விரிவுரை முடிந்து ஒலிப்பதிவும் நின்றுவிட்டது. பாதிப்பேர் எழுந்து வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் விரிவுரையாளர் கையை உயர்த்தினார். நுண்குழாய்ப் படத்தில் இறங்கும் பக்கத்தையும் ஏறும் பக்கத்தையும் மாற்றிக் குறித்துவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள் என்றார்.

அவள் திருத்திக்கொண்டாள்.

அன்று மாலை சாம்பவியிடமிருந்து செய்தி வந்தது. "எல்லாம் அனுப்பிட்டியோ?"

"ஓம். எல்லாம்."

அவள் அனுப்பியது திருத்துவதற்கு முந்தைய படம்.

வகுப்புகள் தொடங்கிய பெப்ரவரியில் இப்படி இருக்கவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் பகிர்ந்தார்கள். முதல் சோதனைக்குப் பிறகு, எத்தனை புள்ளி வந்தது என்று ஒருவரையொருவர் கேட்பது நின்றது. நூலகத்தில் யாராவது பின்னால் நடந்தால், மடிக்கணினித் திரைகள் மெல்லத் தாழ்ந்தன.

சாம்பவியின் திரை மட்டும் தாழவில்லை.

நியூசிலாந்தின் இந்தத் தெற்குக் குளிரில் அவள் தமிழ் பேசியது சாம்பவியோடு மட்டும். காலையில் கதவைத் தட்டும் குரல்: "டொக்டர் அம்மா, எழும்புங்கோ. நோயாளிகள் வரிசையில நிக்கினம்." பிறகு டோஸ்டரில் பாண் வாட்டும் வாசனை. பிறகு, நடந்துகொண்டே: "ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில வேலை செய்வம். நீ நித்திரை கொள்ளு. நான் பாக்கிறன்."

அப்போதெல்லாம் அவள் சிரித்தாள்.

கடைசிச் சோதனையில் சாம்பவி அவளைவிட ஒரு புள்ளி கூட.

பென்சில் இன்னும் அங்கேயே நின்றது. சுவர்க் கடிகாரம் மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் காட்டியது. சாம்பவி தலையைக் குனிந்து எதையோ நிரப்பினாள். ஸ்வெட்டரின் முழங்கையில், இவளுடைய அம்மா வேறு நூலால் தைத்த இடம் தெரிந்தது.

அவள் 'ஏறும் பக்கம்' என்பதன் வட்டத்தை நிரப்பினாள்.

மெதுவாக, விளிம்பு தாண்டாமல், கருமையாக.

இனி இருவருக்கும் ஒரே பிழை. மூன்று வாரத்துக்குப் பிறகு மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

மீதிக் கேள்விகள் சுலபமாக இருந்தன.

வெளியே ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளை மணிகள் காலடியில் நொறுங்கின. மாணவர்கள் கூட்டமாக வந்து தனித்தனியாகப் பிரிந்து போனார்கள். கடற்பறவை ஒன்று குப்பைத்தொட்டியின் மேல் நின்று எல்லோரையும் பார்த்தது.

சாம்பவி படிக்கட்டின் கீழே காத்திருந்தாள்.

"இருபத்தி மூண்டுக்கு என்ன போட்டனீ?"

"ஏறுற பக்கம்."

சாம்பவி பறவையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அது பிழையடி," என்றாள். "போன கிழமை புத்தகத்தில பாத்தனான். இறங்குற பக்கம்தான். உன்ர குறிப்பிலயும் பிழையாத்தான் கிடந்தது. உனக்குத் தெரியேல்ல எண்டு விளங்கினது."

அவளுடைய காலடியில் ஒரு வெள்ளை மணி நொறுங்கியது.

"சொல்ல வேணும் எண்டு உன்ர கதவு வரைக்கும் வந்தனான். ரெண்டு தரம்." சாம்பவிக்கு அழுகை வந்தது. "தட்டேல்ல."

ஒரு கிழமையாகக் காலையில் கதவு தட்டப்படவில்லை. பரீட்சைக் காலம், அதனால்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

சாம்பவி ஸ்வெட்டரைத் தலைக்கு மேலாக இழுத்துக் கழற்றினாள். உள்ளே மெல்லிய சட்டை மட்டும்தான். கைகளில் மயிர் குத்திட்டு நின்றது.

"இதை நான் போட்டிருக்கக் கூடாது. காய்ச்சலில நீ எனக்கு எவ்வளவு செய்தனீ. நான் பார்..."

அவள் ஒரு வரி சொன்னால் போதும். எனக்கும் தெரியும், தெரிந்துதான் அனுப்பினேன். அவ்வளவுதான். சொன்னால் சாம்பவி அழுகையை நிறுத்துவாள். ஒருவேளை சிரிக்கவும் கூடும். இந்தக் குளிரில் இருவரும் ஒன்றாகவே விடுதிக்கு நடப்பார்கள்.

"என்னில கோவமோ?"

"இல்லை," என்றாள் அவள். "பரவாயில்லை."

அவள் கையை நீட்டி ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டாள்.

அது இன்னும் சூடாக இருந்தது.