அக்கா ஆசைப்பட்டவர்கள்

"மறைக்காம சொல்லுடி சூக்கி. எங்க அக்கா யார் யார் மேல கண்ணு வெச்சிருக்கா?"

கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த கெசியா திரும்பாமலே கேட்டாள். சமையற்காரி சூக்கி அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும் சின்னம்மா? நான் அடுப்படியில கிடக்கிறவ."

"மூணு வேளையும் மேஜை பக்கத்துல நிக்கிறியே, காது என்ன செவிடா?"

சூக்கி பின்னலை இறுக்கினாள். கெசியாவுக்குப் பொறுமை போயிற்று.

அப்பா போய் ஆறு வாரம். வர்ஜீனியாவில் அவர் புகையிலை போட்ட நிலம் முழுவதும் அண்ணனுக்கு. எட்டு அடிமைகள் மட்டும் பெண்கள் இருவருக்கும். இளையவள் முதலில் ஒருவரைக் கேட்க வேண்டும், பிறகு மூத்தவள், அப்படியே மாறி மாறி என்று உயிலில் இருந்தது. இன்றைக்குத்தான் பங்கு பிரிக்கிறார்கள். மூத்தவள் லெட்டிஸ் தன் பங்கோடு மலை தாண்டிக் கென்டக்கியில் குடியேறப் போகிறாள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவள் எங்கே போனாலும் கெசியாவுக்கு வயிற்றெரிச்சல் தீராது. அம்மாவின் வெள்ளிக் கெண்டி அக்காவுக்கு. அப்பாவின் சவாரிக் குதிரை அக்காவுக்கு. கெசியாவை மட்டும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொடுத்து ஊரை விட்டே அனுப்பியாயிற்று. இந்த ஒரு தடவையாவது அக்கா ஆசைப்பட்டதைத் தட்டிப் பறிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"நீ சொன்னேன்னு யாருக்கும் தெரியாது. சொல்லு."

சூக்கி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என் கைச் சமையல் இல்லாட்டி பெரியம்மாவுக்குச் சாப்பாடே இறங்காதாம். அப்புறம் ஒத்தைக்கண் ஐஷம். அவன் தொட்டா நொண்டிக் குதிரையும் ஓடும்னாங்க."

"அப்புறம்?"

"கால் ஊனமா ஒரு குட்டி இருக்காளே மில்லி, அவ தையல் தைச்சா சீமைத் துணி தோத்துப்போகுமாம். இருமிக்கிட்டே கிடக்குமே க்ளோயி, அது கடையுற வெண்ணெய் மாதிரி எங்கேயும் கிடைக்காதாம். என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க சின்னம்மா, பெரியம்மா தோலை உரிச்சிடுவாங்க."

பகலில் முற்றத்து வாதுமை மரத்தடியில் எட்டு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் பெர்கின்ஸ் பட்டியலை வாசித்தார். பெயர், வயது, என்ன வேலை தெரியும். அதற்குமேல் அதில் எதுவும் எழுதுவதில்லை.

"சூக்கி," என்றாள் கெசியா முதல் ஆளாக.

"ஐயோ, நல்ல சமையல்காரி போச்சே!" என்றாள் லெட்டிஸ். "சரி, எனக்கு ஏர் ஓட்டுற சாம்சன்."

அக்கா 'ஐயோ' என்றதும் கெசியாவுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. சூக்கி சொன்னது சரிதான்!

"எனக்கு ஐஷம்."

லெட்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "அந்தக் குருடனையா? போடி பைத்தியம்! எனக்கு வண்டிக்காரன்."

நடிக்கிறாள், கள்ளி! சிரிப்பில் ஏமாற்றத்தை மறைக்கிறாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம்தானே என்று கெசியா நினைத்துக்கொண்டாள்.

பெர்கின்ஸ் தொண்டையைச் செருமினார். "கெசியாம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. தச்சன் இன்னும் நிக்கிறான்."

கெசியா தச்சனைப் பார்த்தாள். முப்பது வயது, இரும்பு மாதிரி உடம்பு. அவள் மனசு ஆடிப்போயிற்று. அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வரிசையில் நின்ற சூக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சொல்றதைக் கேளுடி. தச்சனை எடுத்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றாள் லெட்டிஸ்.

"என் நல்லதுக்கா? என்னைக்கு நீ என் நல்லதை நினைச்சே? எனக்கு மில்லிதான் வேணும்!"

"சொல்றதைச் சொல்லிட்டேன். தச்சன் எனக்கு."

"க்ளோயி எனக்கு!" அக்கா வாய் திறப்பதற்குள் கெசியா கத்தியே விட்டாள்.

மிஞ்சிய நெசவுக்காரி லெட்டிஸுக்குப் போனாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இனி மாற்றிக்கொள்ள முடியாது.

"சூக்கி சரி. மத்த மூணு பேரை நீ எதுக்குடி எடுத்தே? எனக்குச் சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு இருந்தேன்," என்றாள் லெட்டிஸ்.

"சீச்சீ, இந்தப் பழம் புளிக்குமாக்கும்!" என்று கெசியா முகத்தை வெட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பதினைந்து வருஷ எரிச்சல் ஒரே நாளில் அடங்கிவிட்டது. அப்பாவின் பண்ணை கண்ணுக்கு மறையும்வரை முன்பலகையில் ராணி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் மில்லியின் குரல் கேட்டது. "அம்மா, அப்போ அப்பாவும் க்ளோயி அக்காவும் நம்ம கூடவேதான் இருப்பாங்களா?"

"ஆமாண்டி கண்ணு. மெதுவாப் பேசு," என்றாள் சூக்கி.