பதினோராவது வெடி

துளைக்குள் பென்சில் கச்சிதமாக நுழைந்தது.

வெர்லீன் அதை உருவிக் காதில் செருகிக்கொண்டாள். தகரக் கொட்டகையின் சுவரில், கணவர் ஆரின் தினமும் உட்காரும் நாற்காலியில் அவர் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது அந்தத் துளை. அதன் வழியே பட்டாணி அளவு வெயில் அவருடைய வழுக்கை மேல் விழுந்திருந்தது.

"இது பக்கத்து வீட்டு ஹாய்ட் வேலை. தகர டப்பாவைச் சுடறேன்னு உன் தலையைச் சுட்டிருக்கான்!"

"இத்தனை வருஷம் நீ மிச்சம் வச்ச ஆளை அவனா தீர்க்கப் போறான்?" என்றார் ஆரின். சற்றுக் கழித்து, "ஹாய்ட்னா யாரு?" என்றார்.

அவருக்கு இப்போதெல்லாம் அப்படித்தான்.

வெர்லீன் முப்பத்தாறு வருடம் இலக்கண ஆசிரியை. பயந்தாலும் எண்ணிக்கை தவறாது. ஹாய்ட் தினமும் மாலையில் கொல்லையில் காலி பீன்ஸ் டப்பாக்களை வரிசையாக வைத்து, சின்ன ரைஃபிளால் பத்து முறை சுடுவான். அதில் பத்துத் தோட்டாதான் கொள்ளும். சுள்ளி ஒடிகிற சத்தம்தான். ஆனால் ஒவ்வொரு சுள்ளியும் அவள் முதுகெலும்பில் ஒடியும். பத்தாவது முடிந்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

செவ்வாய்க்கிழமை, கொட்டகைக்குப் பின்னால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது, மூச்சு விட்ட பிறகு பதினோராவது கேட்டது. காதோரமாக.

இன்று துளையைப் பார்த்த கையோடு நேரே ஹாய்ட் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அவன் விழுந்த டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டியவள், "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

"பாத்து, மிஸ் வெர்லீன். குண்டு நுழையற பக்கம் வழவழன்னு இருக்கும். வெளிய வர்ற பக்கம்தான் கடிக்கும்."

"எனக்கே பாடமா? நான் எடுத்த பாடத்துல ரெண்டு தடவை பெயில் ஆனவன் நீ. எங்க கொட்டகைச் சுவத்துல ஓட்டை போட்டிருக்கே!"

"நானா? உங்க வீட்டுப் பக்கமே நான் சுடறதில்லையே. எல்லாம் அந்த மண்மேட்டுக்குள்ளதான் போகும்."

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணு கேட்டுது."

"பத்துதா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "பதினொண்ணா? சரியா எண்ணினீங்களா?"

"யாரைக் கேக்கறே?"

"அப்ப ஆரின் எங்க இருந்தார்?"

"கொட்டகைக்குள்ள, நாற்காலில. தலை தப்பினது கர்த்தர் கிருபை."

ஹாய்ட் டப்பாக்களைக் கீழே போட்டான். அவள் பின்னாலேயே வந்தான். கொட்டகையின் வெளிப்புறம் நின்று, துளையைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினான். வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். திரும்பி, துணிக்கொடியைப் பார்த்தான்.

"என்னோடதுதான்," என்றான். "குறிபார்க்கற முள்ளு வளைஞ்சிருக்கு போல. மன்னிச்சிடுங்க."

அப்போதே ஒரு தகட்டைக் கொண்டுவந்து வெளியிலிருந்து நாலு ஆணி அடித்து மூடினான்.

"பயப்படாதீங்க, மிஸ் வெர்லீன்."

எதிர்மறை ஏவல். உலகத்தில் யாரும் கீழ்ப்படியாத ஏவலும் அதுதான்.

போகும்போது தயங்கினான். "ஆரினோட பழைய ரைஃபிளைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்களேன். தோட்டா இருந்தா அதையும்."

"பண்றதையும் பண்ணிட்டு ஓசி வேற கேக்கறியா?"

ஆரினோ சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். ஹாய்ட் வாங்கியதும் அதைத் திறந்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்தான். விரலை விட்டும் ஒருமுறை தடவிப் பார்த்தான். குற்றவாளிக் கை என்று வெர்லீன் மனதில் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோருக்கும் சொன்னாள். அடைமொழிகளில் குறை வைக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஹாய்ட் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவன் மறுக்கவும் இல்லை, மாலையில் சுடுவதையும் விட்டுவிட்டான்.

அவள் பயம் மட்டும் விடவில்லை. கொடியில் துணி போடுவதையே நிறுத்திவிட்டு, சமையலறையில் காயப்போட்டாள். எங்கேயாவது சுள்ளி ஒடிந்தால் கையிலிருப்பதைக் கீழே போட்டாள்.

மார்ச்சில் மிசௌரி மாநிலம் முழுக்கச் சூறைக்காற்று. காலையில் பார்த்தால் ஹாய்ட் அடித்த தகடு புல்லில் கிடந்தது.

வெர்லீன் சுத்தியலோடு போனாள். தகட்டைப் பொருத்துவதற்காகத் துளை மேல் விரலை வைத்தாள்.

சுரீரென்றது. விரலில் ரத்தம்.

வெளிப்புறம் தகரம் பூவிதழ் மாதிரி விரிந்து நின்றது.

உள்ளே ஓடினாள். ஆரினின் தலைக்கு மேல் கையை நீட்டித் தடவினாள். வழவழவென்றிருந்தது.

குண்டு உள்ளே வரவில்லை. வெளியே போயிருக்கிறது.

துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நேர் எதிரே துணிக்கொடி. செவ்வாய்க்கிழமை அவள் நின்ற இடம்.

"வெர்லீன்," என்றார் ஆரின், "என் ரைஃபிள் எங்க? அன்னிக்கு மாதிரி இதே நாற்காலில உக்காந்து துடைக்கணும்."

அவள் துளையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஹாய்ட்கிட்ட இருக்கு. அங்கேயே இருக்கட்டும்."

"ஹாய்ட்னா யாரு?"

ரத்தம் வரும் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"பத்தே பத்து சுட்டவன்."