அசற்றிலீன் கணக்கு

"மிஸ், இதுல எந்த எடத்துல குண்டு வருது? அத மட்டும் காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் பௌஸி, கணக்குகள் எழுதிய ஒரு கட்டுத் தாளைக் கொன்ஸ்ரன்ஸின் முன்னால் தள்ளினார். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றைச் சோதனையிட்டபோது, ஜெகரூபன் என்ற மாணவனோடு சேர்த்துப் பிடிபட்டவை. அவற்றைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதற்காகத்தான், பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் கொன்ஸ்ரன்ஸைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஜீப்பில் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

"அசற்றிலீன் எண்டதைக் கண்டவுடன பயந்திட்டியள் போல," என்றாள்.

"பின்ன? வெல்டிங் கேஸ்தானே. கொலன்னாவ எண்ணெய் டேங்குகள குண்டு வச்சு எரிச்சதுக்குப் பொறகு நாங்க எத நம்புறது?"

"இதில வெடிக்க ஒண்டுமில்லை. ஒரு இலத்திரன், அதான் எலெக்ட்ரோன், வேகமா வந்து அசற்றிலீன் மூலக்கூறில மோதுது. உள்ளுக்கிருக்கிற இன்னொரு இலத்திரன் கழண்டு வெளியால போகுது. அப்பிடி நடக்க எவ்வளவு சாத்தியம் எண்டு பாக்கிறான்."

"கணக்கு சரியா? அதச் சொல்லுங்க. சும்மா நம்பரக் கிறுக்கி வச்சிருந்தா, அது ரகசிய பாஷை. சரியான கணக்குன்னா பொடியன விட்டுருவேன்."

கொன்ஸ்ரன்ஸ் வாசிக்கத் தொடங்கினாள். பாதியில் அவளுடைய விரல் நின்றது. மோதலுக்குப் பிறகு வெளியேறும் இரண்டு இலத்திரன்களும் ஒன்றையொன்று தள்ளுமே, வழக்கமாக விட்டுவிடும் அதையும் கணக்கில் சேர்த்திருந்தான் பையன். அவள் திரும்பவும் முதல் தாளுக்குப் போனாள். எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்பதுபோல வரி வரியாகத் தேடினாள். கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"சந்தேகமா ஈக்கா? அப்ப விளங்கல்லன்னு எழுதிருங்க மிஸ். மேலிடத்துக்கு அனுப்பிருவோம். ஒங்களுக்கும் பொறுப்பில்ல."

"அனுப்பினா, எப்ப திரும்பி வருவான்?"

பௌஸி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொன்ஸ்ரன்ஸ் பேனையை எடுத்து, 'கணக்கு முற்றிலும் சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பௌஸி கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டுப் பையனை வெளியே விடச் சொன்னார். பிறகு, மனம் இலேசான மனிதரைப்போலத் தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இவனுக்கு வாய்க்கொழுப்பு மிஸ். யாரோ டொக்டர் பட்டம் வாங்கின கணக்காம், அடியோட பிழைன்னு எழுதி வச்சிருக்கான். யாரு அந்த ஆள்?"

"நான்தான்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.