இருபதாவது பேரம்

"கதவைச் சாத்துங்க இபு, யாராவது பாத்துடப் போறாங்க!"

ரத்ரி பதறினாள். தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்த பைனெம் அம்மாள், கதவை இடுப்பால் இடித்துச் சாத்தினாள். இந்தோனேசியாவின் சுரபாயா பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்கே தேநீர் போடுகிறவள்; எல்லோருக்கும் அவள் 'இபு', அதாவது அம்மா.

"பேரம் பேசறது மிஷின்னு வெளியில பெருசா எழுதி ஒட்டியிருக்கு. நீ என்னடான்னா விடிஞ்சதிலேர்ந்து விசையத் தட்டிக்கிட்டே இருக்கே?"

"மிஷின் படுத்துடுச்சு இபு. மூணு நாளா யாரு என்ன விலை சொன்னாலும் 'சரி, நன்றி'ங்குது."

"அட, எங்க வீட்டுக்காரர் மாதிரி! சந்தைக்கு அனுப்பினா சொன்ன விலையக் குடுத்துட்டு, நன்றியும் சொல்லிட்டு வருவாரு."

ரத்ரிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இணையச் சந்தையில் மனிதருக்குப் பதிலாகப் பேரம் பேசும் இயந்திரம். அதுதான் அவளுடைய ஏழு வருட ஆராய்ச்சி. இன்று அதற்குக் கடைசிப் பரீட்சை. பண்டுங்கிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் இயந்திரத்தை எதிரே நிறுத்தியிருந்தது. அது வெங்காயம் விற்கும், இவளுடையது வாங்கும். விலை, சரக்கு வரும் நாள், லாரி வாடகை மூன்றிலும் உடன்பாடு வர வேண்டும். மொத்தம் இருபது பேரம், இருபதும் படிய வேண்டும். தேறாவிட்டால் பட்டம் கிடையாது, பெயரையே அடித்துவிடுவார்கள். ஏழு வருடம்தான் கெடு, எட்டாவது வருடம் என்ற பேச்சே இல்லை.

அதனால்தான் இயந்திரத்தின் இடத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்துத் திரையில் எண்கள் மட்டும்தான் தெரியும். நிமிடத்துக்கு ஒரு பதில். கூடவே வரும் ஒற்றை வரிப் பேச்சு இரண்டு இயந்திரங்களுக்கு இடையே மட்டும்.

"அந்தப் பக்கமும் உன்ன மாதிரிதானா?" பைனெம் எட்டிப் பார்த்தாள்.

"இல்ல இபு, அது நிஜ மிஷின். காலையில முதல் பேரத்துல சட்டுனு விலையக் குறைச்சு, 'முதல் போணி, கைராசியா வாங்கிட்டுப் போங்க'ன்னு எழுதுச்சு."

"மிஷினுக்குக்கூடப் போணி பாக்கத் தெரியுமா! எங்க சந்தையில முதல் பணத்தை வாங்கி, இருக்கிற சரக்கு மேலயெல்லாம் தட்டுவாங்க. அதையும் செஞ்சுதா?"

"செஞ்சாலும் செய்யும். லட்சக்கணக்கான சந்தைப் பேச்சைப் படிக்க வச்சிருக்காங்க. நான் ஏழு வருஷம் உழைச்சேன், நம்மளுது தலையாட்டத்தான் கத்துக்கிச்சு."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ரத்ரி தோளில் கிடந்த பாத்திக் துணியை இழுத்து விசைப்பலகையை மூடினாள். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் விர்யவான் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்; மாணவர்களுக்கு அவர் 'பாக்', அதாவது ஐயா.

"ரத்ரி, பத்தொன்பதும் படிஞ்சிடுச்சும்மா! பண்டுங்காரர் வேற மண்டபத்துல அளக்கிறாரு. 'எங்க மிஷினுக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது'ன்னு. எங்களுதுக்கும் கிடையாதுன்னேன். சரிதானே?"

"சரிதாங்க பாக்."

"ஆமா, நீ ஏம்மா இப்படி வாடிப்போயிருக்கே? வேலை செய்யறது மிஷின்தானே!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரத்ரி விசைப்பலகை மேலிருந்த துணியை விலக்கினாள். அப்பா மாதிரி நடத்துகிற மனிதர். இவரைப் போய் ஏமாற்றுகிறோமே!

"ரெண்டு வாய் சாப்பிடேன் கண்ணு. வேர்க்கடலைக் குழம்பு ஊத்தின பெச்செல் சோறு இலையில அப்படியே கிடக்கு. மணி மூணாச்சு."

"கடைசிப் பேரம் இபு. இது முடியட்டும்."

முடிவதாகத் தெரியவில்லை. விலை படிந்துவிட்டது, நாளும் படிந்துவிட்டது. லாரி வாடகையில் வண்டி நின்றுபோனது. 'வாடகை உங்களது' என்றது அது. 'உங்களது' என்றாள் இவள். பதினோரு நிமிடமாக இதே பாட்டு. இன்னும் மூன்று நிமிடத்தில் உடன்பாடு வராவிட்டால் இருபதாவது பேரம் போச்சு, அதோடு பட்டமும் போச்சு.

விட்டுக்கொடுத்துவிடலாம். எவ்வளவு கொடுப்பது? மனதில் ஒரு கணக்கும் ஓடவில்லை. கண் இருட்டியது. விரல்கள் மட்டும் பழக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தன. தட்டியதை அனுப்பிய பிறகுதான் தான் எழுதியதையே படித்தாள்.

'இனி என்னால முடியாது சாமி.'

"ஐயோ!"

"என்னடி ஆச்சு?"

"மனுஷி மாதிரி எழுதி அனுப்பிட்டேன் இபு! அந்த வரி அவங்க மிஷின் பதிவுல இருக்கும், பண்டுங்காரங்க கண்ணுல படும். மிஷின் எங்கயாவது முடியாதுன்னு சொல்லுமா? எல்லாம் போச்சு!"

பைனெம் அவள் முதுகில் கையை வைத்தாள். திரையில் நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ரத்ரி எழுந்து நின்றாள். அவர்கள் வந்து சொல்வதற்கு முன் தானே போய் பாக் விர்யவானிடம் சொல்லிவிடுவது நல்லது. கதவின் கைப்பிடியில் கை வைத்தபோது, பின்னால் டிங் என்று ஒரு சத்தம்.

"ஏதோ வந்திருக்கு கண்ணு," என்றாள் பைனெம்.

ரத்ரி திரும்பி வந்து, கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

'எனக்கும் முடியலைங்க. வாடகைய ஆளுக்குப் பாதியா போட்டுக்குவோம், சீக்கிரம் சரின்னு சொல்லுங்க. எங்க மிஷின் படுத்து ஒரு வாரமாச்சு, நான் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல.'